ஆறு நாள் யாழ்ப்பாணக் கடற்கரை – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

உங்கள் தளத்தைக் கன நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. 1995 இடப்பெயர்வோடு அராலியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 7 வயது. இப்போது ஸ்கார்பரோவில் இருக்கிறோம். வருகிற ஓகஸ்டில் ஆறு நாள் யாழ்ப்பாணத்தில் நிற்கப் போகிறோம். மகனுக்கு 13, மகளுக்கு 9. போன முறை வந்தபோது சொந்தக்காரர் ஒரே நாளில் எங்களை வான் வண்டியில் ஏற்றிக் கோட்டை, கீரிமலை, கசூரினா, நல்லூர், ஐஸ்கிறீம் என்று எல்லாம் காட்டி முடித்துவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சோடா குடித்தோம். இந்த முறை மகன் கேட்கிறான்: "கடற்கரை ஊர் எண்டு சொல்லுறீங்கள், அங்க செய்ய என்ன இருக்கு?" கான்கூன் போய் வந்த பிள்ளைகள், என்னிடம் பதில் இல்லை. என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்வீர்களா? இன்னொன்று, கேட்க வெட்கமாய் இருக்கிறது. என் கணவருக்கு ஒருமுறை நல்ல கள்ளுக் குடித்துப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கள்ளைப் பற்றிக் கேட்க ஏன் வெட்கம்? பிறகு அதற்கு வருகிறேன். முதலில் மகனின் கேள்வி, அது நியாயமான கேள்வி. கடலைப் பார்த்தபடி வரிசையாக ஹோட்டல், குடை, கதிரை என்று இங்கே கிடையாது, அதைத் தேடி வந்தால் ஒரு நாளில் அலுத்துப்போகும். இது தொழில் செய்கிற சனத்தின் கரை. ஒரு பக்கம் வலை காயும், ஒரு பக்கம் கருவாடு காயும், சாதாளை என்கிற கடற்புல் ஒதுங்கி மணக்கும். பிள்ளைகளை அதற்குள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், ஆறு நாள் காணாது என்று அவர்களே சொல்வார்கள்.

உங்கள் சொந்தக்காரர் அன்பாகத்தான் செய்தார்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வானுக்குள் அடைத்ததுதான் பிழை. குடாநாட்டைச் சுற்றி இருக்கிற கடல் ஒரே மாதிரியானது இல்லை. பட்டினத்தின் காலடியில் பரவைக்கடல், கன இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இராது. வடக்கே கீரிமலையிலிருந்து பருத்தித்துறை வரை முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமான கரை. மேற்கே தீவுகள். கிழக்கே மணற்காட்டுப் பக்கம் மணல் மேடும் பெருங்கடலும். மீன் வேறு, காற்று வேறு, சாப்பாடும் வேறு. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கரை, அவ்வளவுதான். மிஞ்சுகிற இரண்டு நாளும் எந்தக் கரை பிள்ளைகளுக்குப் பிடித்ததோ அங்கேயே திரும்பப் போங்கள்.

முதல் நாள் பரவைக்கடலோடு தொடங்குங்கள். நேர வித்தியாசத்தில் பிள்ளைகள் எப்படியும் விடியற்காலையில் எழும்பிக் குந்திக்கொண்டு இருப்பார்கள், அவர்களை நித்திரையாக்கப் பாடுபடாமல் ஓட்டோ பிடித்துக் குருநகருக்கோ பாசையூருக்கோ வந்துவிடுங்கள். நான் பிறந்து வளர்ந்த கரை இது. வள்ளங்கள் வந்து சேருகிற நேரம் மீனைக் குவித்து ஏலம் கூறுவார்கள், விலை ஏறுகிற வேகத்தில் உங்கள் மகனுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் ஆட்டம் விளங்கும். மகளை வலை தட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். நீலக்கால் நண்டு வலையில் சிக்கினால் பத்துக் காலாலும் நூலைப் பின்னிக்கொண்டுதான் வரும். அதைப் பிடித்து இழுத்தால் கால் முறியும், கால் முறிந்தால் விலை விழும். அதனால் இடக்கையால் ஓட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒவ்வொரு காலாக மடக்கி, நூலை விலக்கி, கடைசியில் கடிக்கிற கையை மட்டும் மிகவும் கவனமாகக் கழற்றுவார்கள். ஒரு நண்டுக்கு அரை நிமிடம் போகாது. என் அம்மா இதைக் கதைத்துக்கொண்டே செய்வா, வலையைப் பார்க்கவே மாட்டா. நல்ல நண்டில் பெரும்பகுதி இப்போது ஏற்றுமதிக்குப் போகிறது, ஆனால் கரையில் நின்று கேட்டால் உங்களுக்கும் கிடைக்கும். நிலவு காலத்து நண்டில் சதை இராது என்று எங்கள் கரையில் சொல்வார்கள், வாங்கும்போது கையில் தூக்கிப் பாரம் பாருங்கள்.

அன்று பின்னேரம் கோட்டை மதில். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக்கினார்கள் என்ற அளவு பிள்ளைகளுக்குப் போதும். மதிலில் ஏறி நின்று பண்ணைப் பாலத்துப் பக்கம் பாருங்கள், தண்ணீருக்குள் தடி தடியாக நட்டிருப்பது சிறகுவலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்.

இரண்டாம் நாள் வடக்கு. கீரிமலைக்கு வானில் வந்து இருபது நிமிடம் நின்று படம் எடுத்ததாகத்தான் போன முறை இருந்திருக்கும். இந்த முறை மாற்றுடுப்போடு போங்கள். கேணிக்குள் இறங்கியதும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மதிலுக்கு வெளியே நான்கு எட்டு வைத்துக் கடல் தண்ணீரையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் பக்கம் உப்புக் கரிக்கும், இதோ இந்தப் பக்கம் நன்னீர். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மாரியில் பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி, நிலத்துக்குக் கீழே கல்லின் வெடிப்புகள் வழியே கடற்கரைக்குக் கொண்டுவருகிறது. அந்த ஊற்றுக்களில் ஒன்றைத்தான் கேணியாகக் கட்டியிருக்கிறார்கள். 13 வயதுப் பெடியனுக்கு இதைவிடப் பெரிய விஞ்ஞான வகுப்பு வேண்டாம். பெண்களுக்குத் தனிக்கேணி, மறைப்போடு இருக்கிறது. நீச்சலுடை வேண்டாம், சல்வாரோ பெரிய ரீசேர்ட்டோ போட்டுக் குளிக்கலாம், ஏனென்றால் பக்கத்தில் நகுலேஸ்வரம் இருக்கிறது, செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வந்த குடும்பம் ஒன்றும் கட்டாயம் அங்கே நிற்கும். அழுகிற சனமும் கேணிக்குள் குத்திக் குதிக்கிற பெடியளும் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் விசித்திரமாய் இருக்கலாம், நமக்கு அது பழக்கம்.

அங்கிருந்து கரையோடு கிழக்கே போங்கள். மயிலிட்டியில் கொஞ்சம் நில்லுங்கள். 1990இல் சனம் விட்டுப் போன துறைமுகம் 2017இல்தான் அவர்களிடம் திரும்பி வந்தது, 27 வருடம் ஒரு வள்ளமும் அங்கிருந்து தொழிலுக்குப் போகவில்லை. இன்று அங்கே ஒரு வள்ளம் இறங்குவதைப் பார்க்க எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். பிறகு வல்வெட்டித்துறை. உங்கள் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: இந்தக் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் விமானத்தில் வந்த தூரத்தை அவர்கள் பாய் விரித்துப் போயிருக்கிறார்கள்.

பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பாருங்கள், தெருவே மடத்துக்குள்ளால் போகும். அப்புறம் வடை. பருத்தித்துறை வடை என்றால் தட்டையானது, உளுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டு அப்பளம் மாதிரி முறுக முறுகப் பொரிப்பது. ஒரு பை வாங்கித் துறைமுகத்தடியில் கடலைப் பார்த்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியோடு தின்னுங்கள். தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டாம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். இன்னொரு பை ஸ்கார்பரோவுக்கு.

தீவு நாள் பற்றி. நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், குதிரைகளும் முருகைக்கல் மதில்களும் பெருக்கு மரமும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகு, ஓகஸ்டில் சோளகக் காற்று அடித்தால் அது நன்றாக ஆடும், தீவில் வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு. 9 வயதுப் பிள்ளையோடு நான் நயினாதீவைத்தான் சொல்வேன். படகு கொஞ்ச நேரம்தான், நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சனத்தோடு சனமாக இருந்து மத்தியானம் சாப்பிடலாம். எந்தத் தீவென்றாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே துறையடியில் கேட்டு வையுங்கள். திரும்பி வரும் வழியில் வேலணைச் சாட்டியில் ஒரு கடல் குளிப்பு. சின்னப் பிள்ளைக்குச் சாட்டியைவிடத் தோதான தண்ணீர் எனக்குத் தெரியவில்லை.

கசூரினாவும் அதே மாதிரி ஆழமில்லாத, அலை இல்லாத கடல்தான், கனதூரம் நடந்து போகலாம், சவுக்கு நிழலும் இருக்கிறது. சனி ஞாயிறு மட்டும் போக வேண்டாம், பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து நிற்கும். காரைநகரில் கோவளம் வெளிச்சவீடும் கிட்டத்தான்.

மணற்காடு குளிப்பதற்கான இடம் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். அது பெருங்கடல், இறங்கிய உடனேயே ஆழம், இழுப்பும் உண்டு. அங்கே போவது மணல் மேட்டில் ஏறவும், மணல் பாதி விழுங்கிய பழைய அந்தோனியார் கோயிலைப் பார்க்கவும். 2004 சுனாமி அந்தக் கரையை அள்ளிக்கொண்டு போனது, அதை அறிந்த ஊரவர் யாரும் அங்கே பிள்ளைகளைத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள்.

இனிச் சாப்பாட்டில் ஒரு சிக்கல். ஓகஸ்டில் அநேகமாக நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறியிருக்கும். 25 நாள் திருவிழா, அந்த நாளெல்லாம் கன வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். நண்டுக்கறி கேட்டு உங்கள் பெரியம்மாவைச் சங்கடப்படுத்த வேண்டாம், அந்த வீட்டில் சைவம் சாப்பிடுங்கள், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போதும். ஓகஸ்ட் என்றால் பனம்பழக் காலம், பனங்காய்ப் பணியாரம் சுடச்சொல்லிக் கேளுங்கள், அந்த மணம் உங்களை நேரே அராலிக்குக் கொண்டுபோய்விடும். பின்னேரம் நல்லூரில் வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நடந்து, பக்கத்தில் ரியோ கடையில் ஐஸ்கிறீம் குடியுங்கள். ஐஸ்கிறீம் 'குடிப்பது' எப்படி என்று மகள் கேட்பாள், நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று சொல்லுங்கள். சோடாவுக்குப் பதிலாகத் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம் ஒரு போத்தல் வாங்கி வீட்டில் வைத்துக் கரைத்துக் குடியுங்கள், முந்திரிகை (திராட்சை) ரசமும் இருக்கிறது.

கள்ளு. உங்கள் கணவரை ஒரு நாள் காலை பத்து மணியளவில் உள்ளூர் ஆள் யாரோடாவது கூட்டுறவுச் சங்கக் கள்ளுத் தவறணைக்கு அனுப்புங்கள். பனங்கள்ளின் காலம் ஓகஸ்டில் கிட்டத்தட்ட முடிந்துவிடும், பெரும்பாலும் தென்னங்கள்ளுத்தான் கிடைக்கும், அதுவும் நல்லதுதான். இறக்கிய சூட்டில் குடித்தால் இனிப்பு, பின்னேரமானால் புளிப்பும் வெறியும் கூடும், அதனால்தான் காலையில் என்கிறேன். வீட்டுக்குக் கொண்டு வந்தால் போத்தல் மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும், வெடிக்கும். குடித்த அன்று கடலுக்குள் இறங்கவே கூடாது, எவ்வளவு ஆழமில்லாத கடலானாலும். திக்கம் பனஞ்சாராயம் வேறு விஷயம், அது ஊருக்குக் கொண்டுபோகிற போத்தல்.

கடைசியாகக் கூழ். இதைக் கடையில் குடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் கடலோர விடுதி ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரோடு 'யாழ்ப்பாணக் கூழ்' என்று வாங்கினேன், வந்தது கோதுமை மா கரைத்த இறால் சூப், நண்டு ஐஸில் கிடந்த நண்டு. நண்பர் நல்லாயிருக்கு என்று குடித்தார், எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. கூழுக்கு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா வேண்டும். அதை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை இரண்டு மூன்று தரம் வடித்து ஊற்றினால்தான் கைப்புப் போகும். பெரிய பானையில் கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், அதற்குப் பிறகு மீன் தலை, நண்டு, இறால். பிறகு செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி, கரைத்த ஒடியல் மா. அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். இறக்கும்போது முருங்கை இலை. முற்றத்தில் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவில் வாங்கி, பலா இலையை மடித்து அள்ளிக் குடிக்கவேண்டும், மூக்கு ஓடும், கண் கலங்கும், இடையில் ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் பிளாவை நீட்டுவோம்.

அதற்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். குருநகரில் நல்லூர்த் திருவிழாவுக்கும் மீன் உண்டு. வருகிற திகதி உறுதியானதும் எழுதுங்கள், மா நான் வாங்கி ஊறவைக்கிறேன், நண்டை உங்கள் மகன் கரையில் நின்று கூறி எடுக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா