ஃபீடரில் விட்டால் மட்டும் விழும் கருப்புக் கோடு

ஸ்கேனரில் தாளைக் கண்ணாடி மேல் வைத்தால் சுத்தமாக வருகிறது, தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் விட்டால் மட்டும் எல்லாப் பக்கத்திலும் நெடுகக் கருப்புக் கோடு என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் பெரிய கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. அதன் ஓரத்தில், பெரும்பாலும் இடப்பக்கம், ஒல்லியான கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும். ஃபீடரில் தாள்தான் நகரும், படமெடுக்கும் சென்சார் அந்தப் பட்டைக்கு அடியிலேயே நகராமல் நிற்கும். அந்தப் பட்டையில் கடுகளவு பசையோ காயாத ஒயிட்னரோ ஒட்டினாலும் முழுநீளக் கோடாகிவிடும். கோட்டுக்கு நேராக விரலால் தடவினால் தட்டுப்படும். மென்துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். அப்புறம், ஸ்டேப்ளர் பின்னை எடுத்த மூலையில் தாள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். விசிறிப் பிரித்துவிட்டுச் செருகுங்கள். மடித்து வைத்த பழைய முத்திரைத்தாள் பத்திரத்தை மட்டும் ஃபீடரில் விடாதீர்கள், மடிப்பிலேயே கிழித்துவிடும். கண்ணாடியில் வைத்தே எடுங்கள்.