ஒரே ஆளுக்கு மூன்று கூலி: சம்பள மென்பொருளில் விகித விதிகளை அமைப்பது எப்படி?

கேள்வி: குமரி மாவட்டம் மார்த்தாண்டம் அருகே ஒரு முந்திரி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். உடைப்புக்கும் பீலிங்குக்கும் (தோல் உரிப்பது) கிலோக் கணக்கில் கூலி, கிரேடிங்குக்கு (தரம் பிரிப்பது) நாள் கூலி. மென்பொருளில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேராகவும் ஒரு விகிதம் பதிந்திருக்கிறோம். ஆள் பிரிவு மாறும் நாட்களில் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. விடுமுறை நாளில் ஓவர்டைமும் சேர்ந்து வந்தால் மென்பொருள் நான்கு மடங்கு போட்டுவிடுகிறது. விதிகளை எப்படி அமைக்க வேண்டும்?

பதில்: முதல் சிக்கலுக்குக் காரணம், விகிதத்தை ஆளின் பெயரோடு கட்டிவைத்திருப்பது. காலையில் பீலிங்குக்கு உட்கார்ந்தவர், கிரேடிங்கில் ஆள் குறைந்தால் மதியத்துக்கு மேல் அங்கே போய்விடுவது நம் பக்கத்து அண்டி ஆபீசுகளில் (முந்திரி ஆலைகளில்) அன்றாட வழக்கம் என்பதால், விகிதத்தை வேலைக்கும் தேதிக்கும் உரியதாக அமைத்துவிட்டு, ஆளின் பெயரில் அவர் எந்த வேலையை எவ்வளவு செய்தார் என்பதை மட்டும் பதிய வேண்டும். டாலி பிரைம் போன்ற மென்பொருள்களில் வருகை வகை, உற்பத்தி வகை என்று தனித்தனியே உருவாக்க இடமுண்டு. ‘உடைப்பு கிலோ’, ‘பீலிங் கிலோ’, ‘கிரேடிங் மணி’ ஆகிய மூன்றையும் உற்பத்தி வகைகளாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஊதியத் தலைப்பு வையுங்கள். கிரேடிங்குக்கு நாள் கூலிதானே, மணி எதற்கு என்று கேட்கலாம். நாள் என்று வைத்தால் அரை நாள், கால் நாள் என்று மேற்பார்வையாளர் எழுதித் தரும் தோராயம்தான் கணக்கில் ஏறும். நாள் கூலியை எட்டால் வகுத்து மணி விகிதமாக வைத்தால், மதியம் மாறியவருக்கும் கைத்திருத்தம் தேவைப்படாது.

விகிதம் மாறும்போது பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அதே இடத்தில் எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. அன்று பழைய வரியை அப்படியே விட்டு, அதன் கீழே ‘ஏப்ரல் 1 முதல்’ என்று புதிய வரி சேர்க்க வேண்டும். அழித்து எழுதிய ஆலைகளில், மார்ச் மாத நிலுவை ஒன்றைச் சரிசெய்யத் திறந்தால் மார்ச் முழுவதும் புதிய விகிதத்தில் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வாரக் கூலி கொடுப்பவர்கள், ஏப்ரல் 1 வாரத்தின் நடுவில் விழுந்தால் அந்த வாரத்தைத் தேதிவாரியாகப் பிரித்துக் கணக்கிடும்படி மென்பொருளை அமைக்க வேண்டும்.

இனி அந்த நான்கு மடங்கு. விடுமுறை விதி கூலியை இரட்டிப்பாக்கிய பிறகு, ஓவர்டைம் விதி அந்த இரட்டித்த தொகையை எடுத்து மறுபடியும் இரட்டிக்கிறது. ஒரு கிரேடிங் தொழிலாளிக்கு நாள் கூலி 480 ரூபாய், அதாவது மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கும் ஆலையில், அவர் ஒரு விடுமுறை நாளன்று பத்து மணி நேரம் வேலை செய்தால், எட்டு மணிக்கு இரட்டைக் கூலி 960, மீதி இரண்டு மணிக்கு 120 வீதம் 240, ஆக 1,200 ரூபாய் வர வேண்டும். உங்கள் மென்பொருள் அந்த இரண்டு மணிக்கு 240 வீதம் போட்டு 1,440 என்று காட்டும். இரண்டு விதிகளும் அடிப்படை விகிதத்தையே எடுத்துப் பெருக்கட்டும். பெருக்கி வந்த தொகையை இன்னொரு விதி தொடக் கூடாது. அமைப்பில் ‘எதன் மீது கணக்கிட வேண்டும்’ என்று கேட்கும் இடத்தில் ‘மொத்த வருமானம்’ என்று இருந்தால், அதை அடிப்படைக் கூலிக்கும் அகவிலைப்படிக்கும் மாற்றினாலே பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

கிலோக் கணக்குத் தொழிலாளிக்கு ஓவர்டைம் போடுவதில்தான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள். ஓவர்டைம் நேரத்தில் உரித்த கிலோவை இரட்டிப்பது எளிதாகத் தோன்றினாலும், தொழிற்சாலைகள் சட்டம், 1948, 59-ஆவது பிரிவில் வகுத்த முறை வேறு: முந்தைய மாதத்தில் அதே வேலையில் உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானத்தை, ஓவர்டைம் நீக்கி எடுத்து, அதையே அவருடைய நேர விகிதமாகக் கொள்ள வேண்டும். மார்ச் மாதத்தில் 24 நாள் பீலிங் செய்து, ஓவர்டைம் நீங்கலாக 10,800 ரூபாய் ஈட்டியவருக்கு நாள் சராசரி 450, மணிக்கு 56.25, எனவே ஏப்ரல் மாத ஓவர்டைம் மணிக்கு 112.50. மென்பொருள் பழக்கமாக 26-ஆல் வகுத்தால் சராசரி 415.38 ஆகக் குறைந்து, தொழிலாளிக்கு நட்டமாகும். ‘முந்தைய மாத பீலிங் சராசரி’ என்று தனித் தலைப்பு உருவாக்கி, வகுக்கும் எண்ணாக வேலை செய்த நாட்களைக் கொடுங்கள். தொழிலாளர் சட்டங்கள் புதிய தொகுப்புகளாக மாறிய பிறகும் ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு என்பது மாறவில்லை.

கிலோக் கூலிக்குக் கீழே ஒரு தரையும் வேண்டும். நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கும்போது, கிலோக் கணக்கில் வந்த தொகை அதைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை ஆலை ஈடுகட்ட வேண்டும். இடவப்பாதி மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பருப்பின் தோல் லேசில் உரியாது. எவ்வளவு கைவேகம் உள்ளவருக்கும் கிலோ குறைந்துவிடும். ‘ஈட்டுத்தொகை’ என்று தனித் தலைப்பில் இதைக் காட்டுங்கள். கிலோ விகிதத்தை உயர்த்திச் சரிக்கட்டினால், அடுத்த மாத ஓவர்டைம் சராசரியும் குழம்பிப்போகும்.

விடுமுறைப் பட்டியலில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா ஆகியவற்றுக்கு ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் உரியது. ஆலையைக் கட்டுப்படுத்துவது தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஆலை முறைப்படி முடிவு செய்த ஐந்து பண்டிகை நாட்களும் இரட்டைக் கூலி விதியைத் தூண்ட வேண்டும். ஓணத்தை அந்த ஐந்தில் சேர்த்திருந்தால் அது வரும், இல்லையென்றால் வராது. இப்படிப்பட்ட விடுமுறை நாளில் வேலை செய்தவர் இரட்டைக் கூலிக்குப் பதில் மாற்று விடுப்பு எடுத்துக்கொண்டால் ஒற்றைக் கூலிதான். இந்தத் தேர்வைப் பதிய ஆள்வாரியாக ஒரு கட்டம் வையுங்கள்.

பிடித்தங்களைப் பற்றி ஒரு சொல்: புதிய தொகுப்புகள் வருவதற்கு முன், ஓவர்டைம் தொகைக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது.

எல்லாம் அமைத்த பின், பிரிவு மாறிய ஒருவர், விடுமுறையில் ஓவர்டைம் செய்த ஒருவர், கிலோ குறைந்து ஈட்டுத்தொகை பெற வேண்டிய ஒருவர் என்று மூன்று பேரின் கடந்த மாதக் கணக்கைத் தாளில் போட்டு, மென்பொருள் காட்டும் தொகையோடு ஒத்துப்பாருங்கள். சில்லறை வித்தியாசம் வந்தால், ஒவ்வொரு தலைப்பிலும் ரூபாய்க்கு முழுமையாக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அதைக் கடைசித் தொகைக்கு மட்டும் வையுங்கள். ஒரு மாதம் பழைய முறையையும் புதியதையும் சேர்த்தே ஓட்டி, மூன்று பேருக்கும் கணக்கு ஒத்துவந்த பிறகு மற்றவர்களை மாற்றுங்கள்.