உணவும் பயணமும் எழுதுபவர் புறப்படும் முன் தீர்மானிக்க வேண்டியவை

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று உணவு பற்றி எழுதுகிறேன். சில கட்டுரைகள் இதழ்களில் வெளிவந்துள்ளன. எனக்கு மூன்று சந்தேகங்கள் உள்ளன. ஆசிரியர்களுக்கு யோசனை அனுப்பினால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. எப்படி அனுப்ப வேண்டும்? கொடைக்கானல் விடுதி ஒன்று, கட்டுரை எழுதித் தருவதாக இருந்தால் இரண்டு இரவுகள் இலவசமாகத் தங்கலாம் என்கிறது, ஏற்கலாமா? கட்டுரையை ஏற்ற ஓர் இதழ், அதன் அனைத்து உரிமைகளையும் தங்களுக்கே எழுதித் தருமாறு கடிதம் அனுப்பியிருக்கிறது; கையெழுத்திடலாமா?

பதில்: உங்கள் மூன்று சந்தேகங்களும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், மூன்றுக்குமான விடை நீங்கள் பேருந்து ஏறும் முன்பே முடிவாகிவிட வேண்டும். சம்பளத்தில் இருக்கும் நிருபர் வெறுங்கையோடு திரும்பினாலும் அந்த மாதச் சம்பளம் அவருக்கு வந்துவிடும். பேருந்துக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் முதலில் தன் பையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு சன்மானத்துக்குக் காத்திருக்கும் தனிப் பத்திரிகையாளருக்கு அந்த வசதி இல்லை. எதை எழுதப் போகிறோம், யார் செலவில் போகிறோம், எழுதியது யாருக்குச் சொந்தம் என்பவை தெளியாமல் கிளம்பினால், நல்ல கட்டுரை கிடைத்தாலும் நட்டமே மிஞ்சும்.

முதலில் யோசனை. ஆசிரியர்கள் பதில் தராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அவர்களுக்கு அனுப்பப்படுவது யோசனையாக இல்லாமல் வெறும் தலைப்பாக இருப்பதுதான். "தூத்துக்குடி மக்ரூன் பற்றி எழுதலாமா?" என்பது தலைப்பு. அது போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்பதும், பாதாமின் இடத்தை இங்கே முந்திரி பிடித்துக்கொண்டது என்பதும் பலமுறை அச்சாகிவிட்ட செய்திகள். அவற்றை மீண்டும் சொல்ல ஓர் ஆசிரியர் பக்கம் ஒதுக்க மாட்டார். ஆனால் மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டுமே தேவை என்பதை யோசித்துப் பாருங்கள். அப்படியானால் மீந்துபோகும் மஞ்சள்கரு எங்கே போகிறது, அதை வாங்குபவர் யார், பேக்கரியின் கணக்கில் அது வரவா வீணா, முந்திரி விலை ஏறும் மாதங்களில் மக்ரூனின் விலையைக் கூட்டுகிறார்களா அல்லது முந்திரியைக் குறைக்கிறார்களா என்று கேட்டால், அது யோசனை. அதற்கான விடை ஆசிரியருக்கும் தெரியாது. அதனாலேயே உங்களை அனுப்பத் தோன்றும். கணக்குப் பிரிவில் இருப்பவரான உங்களுக்கு இந்தக் கேள்விகள் மற்றவர்களை முந்திக்கொண்டு தோன்ற வேண்டும். உணவு பற்றி எழுதுவோரில் சுவையை வருணிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அடக்க விலை கேட்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மின்னஞ்சல் இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். நீங்கள் விடை தேடப் போகும் கேள்வி, அதை இப்போது வெளியிட வேண்டியதற்கான காரணம், யாரைச் சந்திக்கப் போகிறீர்கள், எத்தனை சொற்கள், படங்கள் உண்டா, எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பன இருந்தால் போதும். உங்களைப் பற்றி இரண்டு வரிகளும் முன்பு வெளிவந்த ஒரு கட்டுரையும் சேர்க்கலாம். "இப்போது" என்பதை மட்டும் பலர் தவறாகக் கணிக்கிறார்கள். சென்னை மார்கழிக் கச்சேரிக் காலத்துச் சபா கேன்டீன்களைப் பற்றிய யோசனையை டிசம்பரில் அனுப்புவதில் பயனில்லை. தீபாவளி மலரின் பக்கங்கள் பண்டிகைக்குச் சில மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். குற்றாலச் சீசன் ஜூனில் தொடங்கும் என்றால், மாத இதழுக்கு அதற்கான யோசனை மார்ச்சிலேயே போய்ச் சேர வேண்டும். (நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும், அதற்கு மட்டும் அவசரமில்லை.) இரண்டு வாரங்களில் பதில் இல்லையெனில் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதன் பிறகும் மௌனம் நீடித்தால், வேறிடத்துக்கு அனுப்புவதாக ஒரு வரி தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே யோசனையைச் சொல்லாமல் இரண்டு இதழ்களுக்கு ஒருசேர அனுப்பி, இரண்டிலும் ஏற்கப்பட்டுவிட்டால், ஓர் ஆசிரியரை நிரந்தரமாக இழப்பீர்கள்.

ஒரு பயணத்துக்கு ஒரு கட்டுரை என்று திட்டமிடுவது இந்தத் தொழிலில் கட்டுப்படியாகாது. ஒரு கட்டுரைக்குச் சன்மானம் நாலாயிரம் ரூபாய் என்றும் பயணம், தங்கல், உணவு ஆகியவற்றுக்கு மூவாயிரம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு நாள் அலைச்சலுக்கும் எழுதும் உழைப்புக்கும் ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சுகிறது. அதே பயணத்தைப் பதனீர் இறங்கும் கோடை மாதங்களில் வைத்துக்கொண்டால், தூத்துக்குடியில் மக்ரூனை முடித்துவிட்டு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியைக் காய்ச்சும் இடத்துக்கும் போய்வரலாம். திரும்பும் வழியில் கோவில்பட்டியில் இறங்கி, 2020இல் குறியீடு பெற்ற கடலைமிட்டாயின் விற்பனை அந்தக் குறியீட்டால் உயர்ந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டால் மூன்றாவது கட்டுரைக்கும் வழி பிறக்கும்.

களத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தைவிட வேலை நடக்கும் நேரமே முக்கியம். வெள்ளைக்கருவை நுரை நிற்கும் வரை அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பாகச் சுருட்டிய காகிதத்தின் முனை வழியே தட்டில் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலரவிடும் வேலையை அருகில் நின்று பார்க்காதவர், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என்ன எழுதினாலும் அது விளம்பரம் போலவே இருக்கும். ஒரு கிலோ முந்திரிக்கு எத்தனை முட்டை, ஒரு தட்டுக்கு எத்தனை மக்ரூன், பிழிபவருக்குக் கூலி நாள் கணக்கா எடைக் கணக்கா என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேசியவரின் பெயரை அவர் கையாலேயே உங்கள் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொன்னால் எழுத்துப் பிழைக்கு இடமிருக்காது. விலைப் பலகையையும், உணவகமாயின் சுவரில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் படமெடுத்து வையுங்கள். கட்டுரை வெளிவந்த பின் கேள்வி எழுந்தால் கைகொடுப்பவை இவைதாம்.

தோற்றக் கதைகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. "நூறு வருடக் கடை" என்று சொன்னால், பழைய உரிமம், வாடகை ரசீது, திறப்பு விழாப் புகைப்படம் என ஏதாவது ஒன்றைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையெனில் "உரிமையாளர் கூறுகிறார்" என்று எழுதுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தவை. போர்த்துக்கீசியர் இந்தியக் கரைக்கு வந்ததே 1498இல்தான். வற்றல் மிளகாய் அரைத்துச் சேர்க்கும் குழம்பை "சங்க காலச் செய்முறை" என்று யாராவது சொன்னால், அதை அப்படியே அச்சுக்கு அனுப்பும் அப்பாவித்தனம் நம் உணவுக் கட்டுரைகளில் இன்னும் தொடர்வது வருத்தத்துக்குரியது.

அடுத்து கொடைக்கானல் விடுதி. என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: கட்டுரை எழுதித் தருவதாக வாக்களித்து இலவச அறையை ஏற்காதீர்கள். இதில் நேர்மையைப் பற்றிய கேள்வி இருக்கிறது என்பது உண்மைதான். அதைவிட நடைமுறையான காரணம், இலவச விருந்தினராகச் செல்பவருக்குச் செய்தியே கிடைக்காது என்பதாகும். உங்களுக்குப் பள்ளத்தாக்கைப் பார்த்த அறை ஒதுக்கப்படும், தலைமைச் சமையல்காரர் மேசைக்கே வந்து விசாரிப்பார், வெந்நீர் வராத குழாயை நீங்கள் சொல்லும் முன்பே சரிசெய்துவிடுவார்கள். பணம் கட்டித் தங்கும் வாசகர் இவற்றில் எதையும் அனுபவிக்கப் போவதில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 1957இல் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளைபோர்ன், ஒரே உணவகத்துக்குப் பலமுறை செல்வது, அடையாளம் காட்டிக்கொள்ளாமல் செல்வது, கட்டணத்தைப் பத்திரிகையே செலுத்துவது ஆகியவற்றை உணவக விமர்சனத்தின் வழக்கமாக்கியது இதே காரணத்தால்தான்.

அத்தகைய பத்திரிகையின் பணபலம் உங்களுக்கு இல்லை என்பதை அறிவேன். ஆகவே இரண்டு இரவுகளுக்குப் பதில் ஓர் இரவு, சீசனில்லாத வார நாளில், சாதாரண அறையில், சொந்தப் பணத்தில் தங்குங்கள். அதுவும் முடியாதெனில், மதிய உணவை மட்டும் அங்கே உண்டு, பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தங்குவதற்கு ஊருக்குள் எளிய விடுதியைத் தேடிக்கொள்ளலாம். சுற்றுலாத் துறையோ விமான நிறுவனமோ குழுவாக அழைத்துச் செல்லும் பயணங்களைச் சில இதழ்கள் அனுமதிக்கின்றன, சில அடியோடு மறுக்கின்றன. ஆகவே எந்த இதழுக்கு எழுதப் போகிறீர்களோ அதன் ஆசிரியரிடம் புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். அவர் ஒப்பினால், செலவை ஏற்றவர் யார் என்பதைக் கட்டுரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சாதகமாக எழுதுவேன் என்றோ வெளியிடும் முன் காட்டுவேன் என்றோ விடுதிக்கு வாக்களிக்காதீர்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. இலவசத் தங்கலைப் பெற்றுக்கொண்டு உங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் அந்த விடுதியைப் பரிந்துரைத்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி அந்தத் தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்குத் துணைபோவோருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும் மறுமுறை 50 லட்சம் வரையிலும் அபராதத்துக்கு இடம் தருகிறது. அத்துடன், தொழில் நிமித்தம் ஒருவரிடமிருந்து ஓராண்டில் பெறும் சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதன்மீது பத்து சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மலை விடுதிகளின் வாடகையில் இரண்டு இரவுகளே அந்த எல்லையை நெருங்கிவிடக்கூடும். "இலவசம்" என்பது வருமானக் கணக்கில் ஏறும்.

கொடைக்கானலைப் பற்றி எழுதுவதாக இருந்தால், 2024 மே 7 முதல் அங்கும் நீலகிரிக்கும் வாகனங்களில் செல்வோருக்கு நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை வந்தது என்பதையும், நீங்கள் எழுதும் நாளில் அதன் நடைமுறை எப்படி இருக்கிறது என்பதையும் சரிபார்த்துச் சேர்த்துவிடுங்கள். பனிமூட்டத்தைப் பற்றிய பத்தியைவிட, சோதனைச் சாவடியில் குடும்பத்தோடு நிற்கப் போகும் வாசகருக்கு அந்த ஒரு வரிதான் உதவும்.

இனி உரிமைக் கடிதம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பத்திரிகையின் ஊழியராக இல்லாத ஒருவர் எழுதும் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. அதைப் பிறருக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட ஆவணம் தேவை. வாய்மொழியாகச் சொன்னது மாற்றம் ஆகாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு பாதுகாப்பையும் நீக்குவதற்காகவே பல கடிதங்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற சொற்கள் இடம்பெறுகின்றன; உங்களுக்கு வந்த கடிதத்தில் முதலில் அவற்றைத் தேடுங்கள். இருந்தால், முதல் வெளியீட்டு உரிமையையும் இதழின் இணையப் பதிப்பில் வைத்திருக்கும் உரிமையையும் மட்டும் தருவதாகவும், நூலாக்கம், மொழிபெயர்ப்பு, காட்சி வடிவம் ஆகியவற்றின் உரிமை உங்களிடமே இருக்கும் எனவும் திருத்தி அனுப்புங்கள். பல ஆசிரியர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள், ஏனெனில் அந்தக் கடிதம் பெரும்பாலும் நிர்வாகப் பிரிவு தயாரித்த பொதுப் படிவமாகவே இருக்கும். ஏற்க மறுத்தால், சன்மானத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். அதுவும் நடக்காதபோது, பின்னாளில் நூலில் சேர்க்க விரும்பாத சிறு கட்டுரையாயின் கையெழுத்திடலாம், நெடுநாள் உழைத்துத் திரட்டியதாயின் திரும்பப் பெறுவதே நல்லது. புகைப்படங்களுக்குத் தனிச் சன்மானம் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

சன்மானத் தொகை, அது கிடைக்கும் காலம், ஏற்றுக்கொண்ட பின் வெளியிடாமல் விட்டால் என்ன தருவார்கள் என்ற மூன்றையும் யோசனை ஏற்கப்பட்ட அன்றே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் பத்து சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டே தருவார்கள். பிடித்தம் இல்லாத சிறு தொகைகளையும் வருமானத்தில் காட்டியாக வேண்டும், அதனால் சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் எளிய படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது. சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வருவாய்க்கு மேல்தான் என்பதால் இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்ற நுணுக்கங்கள் உங்கள் துறைக்கே உரியவை, நான் விளக்கத் தேவையில்லை.

வேலையை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் அடுத்து அந்த எண்ணம்தான் வரும் என்பதால் சொல்கிறேன். ஓராண்டுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, செலவு, வெளியான கட்டுரைகள், கைக்கு வந்து சேர்ந்த சன்மானம், வந்து சேர எடுத்துக்கொண்ட நாட்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கடைசியாகக் குறித்த அந்த நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்த பின் முடிவெடுங்கள். அதுவரை நிறுவனத்தின் விடுப்பு விதிகளுக்கு உட்பட்டே பயணங்களை வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் சன்மானம் பெற்று எழுதுவதற்கு உங்கள் பணி நியமன ஆணையில் தடை ஏதும் இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.