சின்ன உப்புநீர்த் தொட்டியில் பாசி: கேள்வி பதில்

100 லிட்டருக்கு உட்பட்ட பவளத் தொட்டிகள் பற்றி மட்டும் கேளுங்கள். அதில்தான் எனக்கு அனுபவம்.

வேளச்சேரி: அண்ணா, 60 லிட்டர் தொட்டி. பாறை முழுக்கப் பச்சை முடிப் பாசி. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம். அப்புறம் எப்படி வளர்கிறது?

தம்பி, பாஸ்பேட் வந்துகொண்டேதான் இருக்கிறது. வர வரப் பாசி உறிஞ்சிவிடுவதால் கிட்டில் தெரிவதில்லை.

முதலில் கையால் பிடுங்குங்கள். பிறகு சைபன் குழாயின் வாயில் ஒரு டூத்பிரஷ்ஷை ரப்பர் பேண்டால் கட்டி, தண்ணீர் இறங்கும்போதே பாறையைத் தேயுங்கள். அறுந்த இழை நேராக வாளிக்குப் போய்விடும். மிதக்க விட்டால் வேறு மூலையில் ஒட்டிக்கொண்டு வளரும். தேய்த்த பிறகு இரண்டு மூன்று ட்ரோக்கஸ் நத்தை விடுங்கள். குட்டைப் பாசியைத்தான் அவை மேயும், நீண்டு வளர்ந்ததைப் பெரும்பாலும் தொடாது.

அடுத்து, பாஸ்பேட் உள்ளே வரும் வழியை அடையுங்கள். ஃப்ரோஸன் இறாலை உருகிய தண்ணீரோடு கொட்டாதீர்கள், வடிகட்டியில் அலசிப் போடுங்கள். எந்தத் தண்ணீரில் உப்பு கலக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சமையலறை ஆர்ஓ என்றால் டிடிஎஸ் மீட்டரை (நீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டுவது) வைத்துப் பாருங்கள், 40, 50 காட்டலாம். குடிக்க அது போதும், பவளத்துக்குப் போதாது. மிச்ச அயனிகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் வழியாக விட்டு 0 ஆக்குங்கள்.

கோவை: தொட்டி வைத்து மூன்று வாரம். மணலில் பழுப்புத் தூள்.

டயட்டம், சிலிகேட்டில் ஓடு கட்டும் நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், சிலிகேட் தீர்ந்ததும் போகும். சிலிகேட் தண்ணீரோடும் வரும், டிடிஎஸ் பாருங்கள்.

திருச்சி: மணல் மேல் சிவப்புப் படலம், தோல் மாதிரி உரிகிறது. என்ன மருந்து?

அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்ப்பை அந்த மூலைப் பக்கம் திருப்புங்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் மறையும். ஆனால் காரணம் அங்கேயே இருப்பதால் திரும்ப வரும். செத்தது அழுகும்போது ஆக்சிஜனும் இறங்கும். மருந்து ஊற்றாதீர்கள்.

சேலம்: பச்சைப் பாசிக்கு என்ன மருந்து ஊற்றலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

தாம்பரம்: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டேன். இப்போது பழுப்புச் சளி, நுனியில் குமிழி. நத்தைகள் சாகின்றன.

சார், டைனோஃபிளாஜெலேட் என்ற ஒரு செல் நுண்ணுயிர் போலிருக்கிறது, சுருக்கமாக டைனோ. ஒரு பாட்டிலில் சளியையும் தொட்டி நீரையும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூவில் வடிகட்டி, தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழை இழையாகச் சேர்ந்தால் டைனோதான். புது நத்தை வாங்காதீர்கள், அதுவும் சாகும்.

அண்ணாநகர்: ஒருவரிடம் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்தைக் குறை என்கிறீர்கள். பூஜ்யமாக்கியவருக்கோ டைனோ என்கிறீர்கள். கடலில் பவளத் திட்டு நீரில் சத்து மிகக் குறைவுதானே?

குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அங்கே அலையோடு மிதவை உயிரிகள் ஓயாமல் வந்து பவளத்துக்கு இரையாகின்றன. நம் தொட்டியில் நாம் போடுவதுதான். பூஜ்யமாக்கினால் டைனோவோடு இடத்துக்குப் போட்டி போடும் பாசியும் பாக்டீரியாவும் முதலில் பட்டினியாகின்றன. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் வேண்டும். இல்லாவிட்டால் பவளம் வெளிறும். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் இருந்தால் எனக்குத் திருப்தி.

அண்ணாநகர்: என் தொட்டியில் இரண்டு வருடமாகப் பூஜ்யம், ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கிட் பூஜ்யம் காட்டுகிறது. மீனுக்கு என்ன போடுகிறீர்கள், எத்தனை வேளை? தாராளமாகப் போடுகிறவர் என்றால் சத்து வந்த வேகத்திலேயே செலவாகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் புதியவர்கள் உணவை நிறுத்திப் பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிக் கொட்டுவதுதான் எனக்குக் கவலை.

நாகர்கோவில்: மண்டபம் பக்கம் பாசியில்லாத கல் பவளம் கிடைக்குமா?

கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். இதற்கு உதவ மாட்டேன்.

மதுரை: முடிப் பாசிக்கு மருந்து ஏதாவது…

இல்லை. பிரஷ், சைபன், டிடிஎஸ் மீட்டர்.

தாம்பரம்: வடிகட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் நூல் மாதிரி சேர்ந்துவிட்டது.

அப்படியானால் பாஸ்பேட் உறிஞ்சியை இன்றே வெளியே எடுங்கள். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, உணவைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரவில் சளி குறைந்து காலையில் திரும்புகிறதா என்று கவனியுங்கள். அப்படி இரவில் நீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை டைனோ என்றால் யுவி விளக்குக்குக் கட்டுப்படும். மணலிலேயே கிடக்கும் ஆம்ஃபிடினியம் வகை என்றால் அதற்குச் செலவு செய்யாதீர்கள். இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள் சார்.