மங்குப் பாலும் சங்குப்பூவும்: வேதியியல் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர், ரப்பர் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

மகள் படிவம் 1 போகிறாள். வேதியியல் என்றாலே பயம். வீட்டில் எதை வைத்துத் தொடங்கலாம் சார்? (ஒரு தாய்)

வேலியோரம் சங்குப்பூ இருக்குமே, நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்கு நீலம் கொடுக்கும் பூ, அது போதும்மா. சுடுநீரில் ஊறவைத்துச் சாறு எடுத்து, மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் சமையல் சோடா. மூன்றாவதை அப்படியே விடுங்கள். எலுமிச்சை விட்டது ஊதாவாகும். சோடா போட்டது பச்சைப் பக்கம் சாயும். பிள்ளைகள் கைதட்டுவது இந்த இரண்டுக்கும்தான். எனக்கு முக்கியம் அந்த மூன்றாவது குவளை. அது இல்லாவிட்டால், சாறு ஆறியதால் நிறம் மாறியது என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன நிறம் வரும் சார்? (ஆறாம் ஆண்டு மாணவன்)

சொல்ல மாட்டேன். முதலில் உன் ஊகத்தை எழுதி வை, அப்புறம் ஊற்றிப் பார்.

தம்பி, நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், பாலைக் கொண்டு சேர்க்கும் ஸ்டோரில் ஆசிட் ஊற்றித்தான் பாலை உறைய வைப்பார்கள். ஆனால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விட்டுப்போன பால் மறுநாள் தானாகவே கட்டியாகி நாறுமே. அதற்கு ஆசிட் ஊற்றியது யார்? (ஓய்வுபெற்ற தொழிலாளி)

பாக்டீரியா, அண்ணே. பாலில் ரப்பர் நுண்துகள்களாக மிதக்கிறது. துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் படிந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் எதிர்மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அமிலம் சேர்ந்தால் அந்த மின்னேற்றம் அடங்கி, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டோரில் ஊற்றியது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். மங்கில், பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று பாக்டீரியாவே அமிலம் உண்டாக்குகிறது. நாற்றமும் அதன் வேலைதான்.

சரி, பாக்டீரியாதான் காரணம் என்று எப்படி நம்புவது? அம்மோனியா சேர்த்தால் பால் உறையாது, அது கிருமியைக் கொல்லும், ஆகவே கிருமிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அம்மோனியா காரப்பொருள், கிருமி இல்லாவிட்டாலும் அமிலத்தை அதுவே முறித்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டோம், எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. கிருமியை மட்டும் கொன்று, அமிலத்தன்மையை மாற்றாத மருந்து ஒன்றை ஒரு மங்கில் போட்டு, பக்கத்தில் வெறும் பாலையும் வைத்துப் பார்த்தால்தான் வாதம் நிற்கும்.

கருதுகோள் தவறானால் மதிப்பெண் போய்விடுமோ என்று மாணவர்கள் விடையைப் பார்த்துவிட்டுக் கருதுகோள் எழுதுகிறார்கள். என்ன செய்வது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

தவறான ஊகத்துக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள் டீச்சர். ஒரு குவளையில் வினிகர், பக்கத்தில் ஒரு தேக்கரண்டி சோடா, இரண்டையும் சமையல் தராசில் வைத்து எடை பாருங்கள். கலந்தபின் எடை கூடுமா, குறையுமா? மாறாது என்று எழுதுகிறவர்கள் நிறைய. தராசு ஏறக்குறைய 2 கிராம் குறைத்துக் காட்டும், கரியமில வாயு வெளியேறிவிட்டதால். அப்போது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவைச் சொல்லுங்கள்: 1774-இல் வெள்ளீயத்தை மூடிய கலத்தில் சூடாக்கினார், எடை மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்தது, எடை கூடியது.

கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு, துணி வெளுக்கும் குளோரோக்ஸ் கலந்தால் பொங்குமாம். பையன் செய்து பார்க்கத் துடிக்கிறான். (ஒரு தந்தை)

வேண்டவே வேண்டாம். குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும். அம்மோனியா உள்ள துப்புரவு மருந்தோடும் குளோரோக்ஸ் சேரக்கூடாது. தெரியாமல் கலந்துவிட்டால் மோந்து பார்க்காமல் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். பொங்குவதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வினிகரையும் சோடாவையும் கொடுங்கள்.