மூன்று கீறல்

அன்புள்ள டாக்டருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசித்து வருகிறேன். எனக்கு 58 வயது, கூட்டுறவு வங்கியில் வேலை. எட்டு மாதமாக வலது முழங்காலில் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுச் சரிசெய்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தேதியும் குறித்தாயிற்று. அதற்குள் வெளிநாட்டில் இருக்கும் மருமகன், இந்த ஆபரேஷனால் பெரிய பயனில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர்களே ஆராய்ந்து எழுதியிருப்பதாக ஒரு கட்டுரையை அனுப்பிவிட்டார். படித்தால், பாதிப் பேருக்கு ஆபரேஷன் செய்வதுபோல் நடித்திருக்கிறார்கள்! வலியோடு வந்தவனைக் கீறி ஏமாற்றுவது எந்த ஊர் நியாயம்? இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் விஷயத்திலும் இப்படித்தான் வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள், மறுபடி வேண்டும் என்கிறார்கள். இவர்களை எதை வைத்து நம்புவது?

பி.கு.: அக்கா கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கிவந்து சூப் வைத்துத் தருகிறார். குடித்தால் கொஞ்சம் தேவலை மாதிரி இருக்கிறது. தொடரலாமா?

எஸ்.ஆர்.,
நாமக்கல்

அன்புள்ள எஸ்.ஆர்.,

முழங்காலுக்குக் கடைசியில் வருகிறேன். உங்களை அதிகம் சுட்டது அந்த நடிப்புதான் என்று ஆச்சரியக்குறியே சொல்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

மருமகன் அனுப்பியது பின்லாந்து ஆய்வாக இருக்க வேண்டும். ஆனால் கதை அதற்கு முன்பே ஹூஸ்டனில் ஆரம்பித்துவிட்டது. அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவுவது. இன்னொன்றுக்குக் கழுவி, பிசிறுகளைச் சுரண்டியும் எடுப்பது. மூன்றாவது கூட்டமான 60 பேருக்கு உள்ளே எதுவும் செய்யாமல் விடுவது. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். நோயாளி ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த பிறகுதான் மருத்துவரே அதைப் பிரிப்பார்.

அந்த 60 பேருக்கு நடந்ததைக் கேளுங்கள். மயக்கம் வருகிற அளவுக்கு மருந்து கொடுத்து, முழங்காலைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மூன்று கீறல். மோஸ்லி வழக்கம்போலக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்பார், காலை மடக்கி நீட்டுவார். மூட்டைக் கழுவுகிற சத்தம் கேட்கட்டும் என்று சலைனைச் சளசளவென்று விடுவார்கள். நிஜ ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் தியேட்டரிலேயே வைத்திருந்து, ராத்திரி வார்டில் தங்கவைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று வார்டு நர்ஸுகளுக்கும் தெரியாது. இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்ததில் வலியிலும் சரி, நடப்பதிலும் படியேறுவதிலும் சரி, மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2002-இல் இது வெளிவந்தது.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? சேர்ந்த ஒவ்வொருவரும், எனக்கு வெறும் போலி ஆபரேஷன் மட்டும் நடக்கலாம், அப்படி நடந்தால் என் மூட்டுக்கு அதனால் பலன் கிடைக்காது என்று தெரிந்தே சேருகிறேன் எனத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். தகுதியானவர்களாக வந்தது 324 பேர். அதில் 144 பேர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் இதே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 டாலர். அந்த ஆறரை லட்சம் பேரிடம், இது வேலை செய்யுமா என்று இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை ஐயா என்று எவரும் எழுதி வாங்கவில்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கணக்குதான். மோஸ்லி எல்லா ஆபரேஷனையும் தானே செய்தவர், ஹூஸ்டன் கூடைப்பந்து அணிக்கு மருத்துவராக இருந்தவர். தன் பிழைப்பையே உறைக்குள் போட்டு ஒட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

எதிர்ப்பு வராமலா? ஆய்வில் இருந்தது பெரும்பாலும் ஆண்கள், ஒரே மருத்துவரின் கை, தேய்ந்த மூட்டு, ஜவ்வுக் கிழிசலுக்கு இது பொருந்தாது என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். அதற்குப் பதிலாகத்தான் 2013-இல் பின்லாந்து வந்தது. ஐந்து மருத்துவமனைகள், 35 முதல் 65 வயதுக்குள் 146 பேர். தேய்மானம் இல்லை. அடிபடாமல், வயதால் நைந்து கிழிந்த ஜவ்வு மட்டும். எல்லாருக்கும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள், பாதிப் பேருக்குத்தான் கிழிசலை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு, வெட்டும் கருவியைப் பிளேடு இல்லாமல் முட்டிச்சில்லின் மேல் வெளியே வைத்து அழுத்தி ஓட்டினார்கள், சத்தமும் அதிர்வும் வரவேண்டுமே. ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வலி நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவில்.

இதைக் கவனியுங்கள். ஆபரேஷன் செய்த என் நோயாளிகள் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று உங்கள் எலும்பு மருத்துவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். செய்யாமல் விட்டிருந்தாலும் தேறியிருப்பார்கள் என்பது அவர் கண்ணில் படுவதற்கு வழியே கிடையாது.

ஸ்டென்ட் விஷயம் சுருக்கமாக. மாரடைப்பு வந்து துடிக்கிறவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் இரண்டு கருத்தில்லை. இங்கே பேச்சு, நடந்தால் மார்பு பிடிக்கிற, மற்றபடி நிலையாக இருக்கிறவரைப் பற்றி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராஷா அல்-லமீ குழு, ஒரே ஒரு இதயக் குழாயில் பெரிய அடைப்புள்ள 200 பேருக்கு ஆறு வாரம் மாத்திரைகளைச் சரிக்கட்டிக் கொடுத்துவிட்டுப் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தது. மீதிப் பேரை மேசையில் படுக்கவைத்து, காதில் பாட்டு மாட்டிவிட்டு, எதுவும் வைக்காமல் அனுப்பியது. டிரெட்மில்லில் தாக்குப்பிடித்த நேரத்தில் கிடைத்த வித்தியாசம் 16.6 வினாடி. தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. இது 2017. அதே குழு 2023-இல் 301 பேரை எடுத்து, நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தது. இந்தத் தடவை ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. நீங்கள் இதைப் பேச்சு மாறுவது என்கிறீர்கள். மாறியது கேள்வி. நிறைய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மேற்கொண்டு என்ன கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, மாத்திரையே இல்லாதவருக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு. இரண்டுக்கும் பதில் தெரிந்த மருத்துவரிடம்தான் நான் என் நெஞ்சைக் காட்டுவேன்.

சரி, கண்ணால் பார்த்ததை நம்புகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்த புதிதில், காய்ச்சலோடு கைகால் சில்லிட்டுத் துவண்டு வருகிற குழந்தைக்கு முதல் வேலை, நரம்பைத் தேடிப் பிடித்துச் சலைனை மளமளவென்று இறக்குவது. பாடப்புத்தகமும் அதைத்தான் சொன்னது. அரைமணி நேரத்தில் கை வெதுவெதுப்பாகும், நாடி சீராகும். நாற்காலியில் சாய்ந்து ஒரு டீ குடிக்கலாம். அந்த டீயின் ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2011-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வு அந்த டீயைக் கசக்க வைத்துவிட்டது. கேத்ரின் மெய்ட்லாண்ட் தலைமையில் 3,141 குழந்தைகள், எல்லாரும் காய்ச்சலோடு அதே மாதிரி சில்லிட்டு வந்தவர்கள். வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குப் பத்தரைப் பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்துபோனார்கள். மெதுவாகத் தேவையானதை மட்டும் கொடுத்தவர்களில் இறந்தது 7.3 பேர். கண்காணிப்புக் குழு தலையிட்டு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தியது. இதைவிட என்னை உலுக்கியது பிறகு அவர்கள் பிரித்துப் பார்த்தது: வேகமாக ஏற்றிய குழந்தைகள்தான் முதல் ஒரு மணி நேரத்தில் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள். நான் பார்த்தது நிஜம். அதன்பின் நடந்ததை ஷிப்ட் மாறி வந்தவர் பார்த்திருப்பார், அவரும் நோய் முற்றியது என்று எழுதியிருப்பார். (வயிற்றுப்போக்கால் வறண்டு வந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஓ.ஆர்.எஸ். கரைசலை நிறுத்திவிடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத மருத்துவமனைகள் அவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.)

பிரசவ வார்டில் என் கண் இன்னும் மோசம். பிரசவம் முடிந்ததும் எவ்வளவு ரத்தம் போனது என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நனைந்த துணியையும் தரையையும் ஒரு பார்வை பார்த்து, "ஒரு முந்நூறு இருக்குமா சிஸ்டர்?" என்பேன். "இருக்கும் சார்" என்பார். முந்நூறு மில்லி என்று எழுதியாயிற்று. எத்தனை முந்நூறு உண்மையில் எழுநூறு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் 2,10,132 பிரசவங்களில் செய்த ஆய்வு 2023-இல் வந்தது. பாதி மருத்துவமனைகளுக்குக் கொடுத்த புதுச் சாமான், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தாயின் அடியில் விரித்தால் புனல்போல் ரத்தம் சேரும், கோட்டைத் தொட்டால் காத்திருக்காமல் வயிற்றைத் தடவி அழுத்துவது, மருந்துகள், டிரிப், பரிசோதனை எல்லாம் ஒருசேர நடக்கும். ஒவ்வொன்றும் பழைய சிகிச்சைதான். வழக்கம்போல் கண்ணால் மதிப்பிட்ட மருத்துவமனைகளில் மிகை ரத்தப்போக்கு பாதிக்குப் பாதிதான் பிடிபட்டது. கோடு போட்ட விரிப்பில் நூற்றுக்கு 93. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, சாவு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 4.3-இலிருந்து 1.6-ஆக இறங்கியது. இப்படிப்பட்ட விரிப்பு நமக்கும் புதிதல்ல. கர்நாடகத்தில் பெலகாவிப் பக்கத்துக் கிராமங்களில் 2002 முதல் 2005 வரை நடந்த பிரசவ ஆய்விலேயே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் வார்டுக்கு அது கடைசிவரை வந்து சேரவில்லை.

நம்புவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எல்லா ஆராய்ச்சியையும் நம்பச் சொல்லமாட்டேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்பதற்காக எழுதுகிறவை மலைபோல் குவிகின்றன. என் எம்.டி. ஆய்வேடே அந்த ரகம்: அறுபது நோயாளிகள், ஒப்பிட யாருமில்லை, கடைசி வரி "மேலும் ஆய்வு தேவை". நான் பார்ப்பது ஒன்றைத்தான். தாங்கள் தோற்பதற்கு இடம் வைத்துவிட்டுச் சோதித்தார்களா?

நம் சென்னையிலேயே அப்படி ஒன்று நடந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறுபாதியை நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மாத்திரை இரண்டு பாதிக்கும் ஒன்றுதான். நல்ல காற்று, முட்டை, பால், படுத்து ஓய்வு, இதெல்லாம் இல்லாமல் காசம் தீராது என்று உலகமே நம்பிய காலம். ஒரு வருடத்தில் வீட்டுக்காரர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, சானடோரியங்கள் காலியானதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இனி உங்கள் முழங்கால். எம்.ஆர்.ஐ.யைப் பார்க்காமல், காலைத் தொடாமல் நான் தீர்ப்பு சொல்லக்கூடாது. உங்கள் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இது அடிபட்டுக் கிழிந்ததா, வயதில் நைந்ததா? மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நிற்கிறதா? பூட்டிக்கொள்கிறது என்றாலோ, விழுந்து அடிபட்டது என்றாலோ நான் மேலே சொன்ன ஆய்வுகள் உங்களைப் பற்றியவை அல்ல. இரண்டும் இல்லை, படியேறினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி என்பது மட்டும்தான் என்றால், தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்துவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டிடம் தொடைத் தசைக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பயிற்சியை ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள் என்று வேண்டுமானால் சந்தேகப்படுவார், அதில் நான் அவர் கட்சி.

முடவாட்டுக்கால் சூப்பைத் தாராளமாகத் தொடருங்கள். மிளகு கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள் அக்காவை. தேவலை மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். பின்லாந்தில் பிளேடு இல்லாத கருவியை ஓட்டிக்கொண்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அன்புடன்.