இலக்கணத்தில் முழு மதிப்பெண், கடிதத்தில் பிழை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு தமிழ்வழியில் படிக்கும் என் மகள் ஆங்கில இலக்கணத்தில் கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்புகிறாள். கடிதம் எழுதினால் மட்டும் 'ஷி கோ', 'டிட் நாட் வென்ட்' என்கிறாள். ஏன்?

பதில்: கோடிட்ட இடத்தில் கவனம் ஒரே சொல்லில் நிற்கிறது, விதியை யோசிக்க நேரமும் உண்டு. கடிதத்தில் கருத்து, சொல், எழுத்துக்கூட்டல் எல்லாம் ஒன்றாக நெருக்கும். அப்போது முதலில் நழுவுவது 'கோஸ்' என்பதன் கடைசி 'எஸ்'தான். 'ஷி' என்றதுமே யாரென்று தெரிந்துவிடுவதால், அது விடுபட்டாலும் பொருள் கெடாது. அதனால்தான் சின்ன வகுப்பிலேயே கற்பித்தும் பழக்கத்தில் படியத் தாமதமாகிறது. அவள் மந்தம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 'டிட் நாட் வென்ட்' வேறு வகை: இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே காட்டிவிட்டது, பின்னால் 'கோ' போதும்.

வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுங்கள். 'எஸ்' வாரத்தில் பாட்டியின் அன்றாட வேலைகள், 'டிட்' வாரத்தில் நேற்று செய்யாமல் விட்டவை என்று தினம் 5 வாக்கியம் எழுதட்டும். முடித்தபின் வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் எழுவாயோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நீங்கள் பிழையைச் சுழித்துக் காட்டினால் போதும், திருத்துவது அவள் கையில் இருக்கட்டும்.